ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த சுவர்

“இவன்கிட்ட யாருடி சொல்லப் போறா?”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரம் கழுவும்போது சித்தி கேட்டாள்.

அக்கா கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள். தம்பிக்குச் சொல்ல அவளைத் தவிர அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

தம்பி மேளச் சத்தம் தாங்க மாட்டான். அம்மாவை எடுத்த அன்று அவனைச் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அவன் எதையும் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா இல்லை.

பதினேழு வயது. மீசை அரும்பிவிட்டது. வாயால் சொன்னால் அவனிடம் நிற்காது. அட்டையில் வரைந்து காட்டினால் நிற்கும்.

சுவரில் ஒரு பலகை. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டம். சட்டைப் பெட்டியை வெட்டி, அவனுடைய பழைய ஷூவில் இருந்த ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ பட்டையை எடுத்து ஒட்டி, அட்டைகள் எல்லாம் அவளே செய்தவை. பல் தேய்ப்பது. குளியல். இட்லி. முடிவெட்டு.

கரண்ட் போவதற்கு வெறும் கறுப்பு அட்டை.

“வரையத் தெரியலன்னா கறுப்படிச்சு வெச்சுருவியா நீ,” என்று அம்மா சிரித்திருக்கிறாள்.

அம்மாவுக்கு ஏழு அட்டைகள், நாளுக்கு ஒன்று. மில் வேன், ஜன்னலில் ஒரு முகம். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்த அம்மாவை இறக்கிவிட வேன் வரும். அவன் வாசலில் நிற்பான்.

இப்போதும் நிற்கிறான்.

முதலில் அம்மாவை மாலையோடு வரைந்து காட்டினாள். காலண்டரில் சாமிக்கும் மாலை உண்டு. கும்பிட்டுவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை, அன்றைய அம்மா அட்டையின் மேல் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டாள். கோடு முகத்தின் குறுக்கே போனது.

அவன் நெடுநேரம் பார்த்தான். தலையாட்டினான்.

அன்று மாலை அவன் வாசலுக்குப் போகவில்லை. புரிந்துவிட்டது என்று நினைத்து, குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் அழுதாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கே தலை வாரிக்கொண்டான். செவ்வாய்க் கட்டத்தில் இருந்த அம்மாவை விரலால் தொட்டான். வாசலுக்குப் போனான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பள்ளி விடுமுறைக்கும் அதே குறிதான் போடுவாள். அவனுக்கு அந்தக் குறி என்றால் இன்றைக்கு இல்லை. நாளைக்கு உண்டு.

இனி இல்லை என்பதற்கு அவள் அட்டையே செய்ததில்லை.

அவன் உள்ளே வந்ததும் அவனைப் பக்கத்தில் நிறுத்தி, மீதி ஆறு நாளுக்கும் குறி போட்டாள். ஒவ்வொன்றாக. அவன் பார்த்துக்கொண்டிருக்க.

ஞாயிறு வரை முடிந்தது.

அவன் பலகையை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தான். அட்டை டப்பாவைக் கவிழ்த்தான். எப்போதோ கூடுதலாக வரைந்த அம்மா ஒருத்தி அடியில் கிடந்தாள். குறி இல்லாதவள்.

பலகையைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்திருந்த வெறும் சுவரில் அதை வைத்து அழுத்தினான்.

விழுந்தது.

எடுத்து மறுபடி அழுத்தினான். விழுந்தது.

பிறகு உள்ளங்கையால் அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மற்றக் கையை அவள் பக்கம் நீட்டினான்.

“அக்கா. ஒட்டு.”

அவள் ஒரு துண்டு வெல்க்ரோ வெட்டினாள். பசை தடவிச் சுவரில் வைத்தாள். நான்கு ஓரத்தையும் நகத்தால் அழுத்தினாள்.

அவன் அம்மாவை அதன் மேல் ஒட்டினான். அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் வெளியே போனாள்.