கை காட்டிய பக்கம்

“இடது பக்கம் திரும்பும்மா” என்றாள் டிரைவிங் ஸ்கூல் அக்கா. ஆனால் அவள் கை வலது பக்கம் நீண்டது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த தையல்காரி குழம்பிப் போய் நடுரோட்டில் காரை நிறுத்தினாள்.

“என்னக்கா இது? வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு காட்டுது! ஏற்கெனவே மூணு தடவை டெஸ்ட்ல ஃபெயில். ‘சொன்ன பேச்சைக் கேக்க மாட்டீங்களா’ன்னு அந்த ஆபீசர் திட்டி அனுப்பிட்டார். இந்தத் தடவையும் போச்சுன்னா ஸ்கூல் வேன் ஓட்டுற வேலை எனக்கு இல்லை.”

“அதுக்குத்தான் சொல்றேன். காதைக் கழட்டி வெச்சிட்டுக் கையை மட்டும் பாரு.”

முதல் நாள் முழுக்க, வாய் சொன்ன பக்கமே ஸ்டியரிங் போனது. பத்தாம் நாள், அக்கா என்ன சொன்னாலும் கை காட்டிய பக்கம் கார் தானாகத் திரும்பியது.

டெஸ்ட் அன்று பக்கத்து சீட்டில் அதே ஆபீசர், அதே சிடுமூஞ்சி.

“இடது பக்கம் திரும்புங்க” என்றார். கை வலது பக்கம் நீண்டது.

தையல்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு வலது பக்கம் திருப்பினாள். அடுத்த இரண்டு முனைகளிலும் அதே கதைதான்.

“அப்பாடா! சொன்ன பேச்சைக் கேக்குற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். பாஸ்!” என்றார் அவர்.

வாசலில் காத்திருந்த அக்காவை ஓடிவந்து கட்டிக்கொண்டாள் தையல்காரி.

“அக்கா, அவருக்கு இப்படி ஒரு கோளாறுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அக்கா வெட்கத்தோடு சிரித்தாள்.

“அவரைக் கட்டிக்கிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆச்சே! முதல் வருஷம் முழுக்க நானும் ஃபெயில்தான்.”