பத்து நிமிட இளையவன்

“இளையவரு யாருப்பா? வந்து உக்காருங்க.”

நாவிதர் பொன்னழகு கத்தியோடு காத்திருந்தார். சித்தையன்கோட்டைச் சுடுகாட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மாவை விறகின்மேல் கிடத்தியாயிற்று.

அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். கொள்ளி வைப்பதில் எங்கள் வழக்கம் அது.

நானும் பாண்டியராஜும் இரட்டையர். நான் பத்து நிமிடம் மூத்தவன். பாழாய்ப்போன பத்து நிமிடம்.

அம்மா படுக்கையில் கிடந்த ஏழு வருடமும் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகும் முன் குளிப்பாட்டி, வந்ததும் துணி மாற்றி, இரவில் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவன் நான். இன்று அழக்கூட அசதியாக இருந்தது. ஆனாலும் இந்தக் கடைசி வேலையும் எனக்கே வேண்டும் என்றிருந்தது. வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. அவனுக்கும் அவள் அம்மாதானே.

பாண்டியராஜ் பட்டாளத்தான். வருடக்கணக்காக லடாக் மலையில் வேலை. காலையில்தான் வந்து இறங்கினான். சட்டையைக் கழற்றியவன் என் முகத்தைப் பார்த்தான். திரும்ப மாட்டிக்கொண்டான்.

“மாமா, இப்ப அண்ணன்தான் எளையவரு,” என்றான் தாய்மாமன் கருப்புசாமியிடம். “மலை மேல கடிகாரம் வேகமா ஓடும். அங்கயே கெடந்ததுல எனக்கு வயசு கூடிருச்சு. வாத்தியாருதான, கேட்டுப் பாருங்க.”

போனில் நான் எப்போதோ சொன்னது. கீழே பூமியின் ஈர்ப்பு அதிகம், அதனால் நேரம் மெதுவாகப் போகும். மேலே போகப் போக வேகமாகும். அன்றைக்கு “உசுர வாங்காதண்ணே” என்று சிரித்தான்.

மாமா என் பக்கம் திரும்பினார். “நெசமா அப்பு?”

நிஜம்தான். ஆனால் அந்த வித்தியாசம் கண்ணிமைக்கும் நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட வராது. பத்து நிமிடத்தை ஈடுகட்ட அவன் மூன்றரைக் கோடி வருடம் மலைமேல் நின்றிருக்க வேண்டும். கணக்கில் ஒரு புள்ளி தப்பினால்கூடப் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் ஏற்றுகிற ஆள் நான்.

“ஆமா மாமா. இப்ப நாந்தான் எளையவன்.”

பொன்னழகு என் தலையில் தண்ணீர் தெளித்தார்.

பாண்டியராஜ் தோளைப் பிடித்து என்னை உட்கார வைத்தான்.

“குனிஞ்சுக்கடா தம்பி,” என்றான், பிறந்ததிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டவன்.