கொல்லிமலை ஆடியோ

எங்க தெரு டீக்கடை குப்புசாமி மாமாவை நான் ஏமாத்தின கதை இது. வயிறு வலிக்கச் சிரிப்பீங்க, கேரண்டி.

ஆனா இப்ப இல்ல. முதல்ல எங்கப்பாவோட கால் கட்டைவிரலைப் பார்த்துட்டு வந்துடலாம்.

தறிக் குழியில மிதிகட்டை இடிச்சு வந்த புண்ணு. ரெண்டு மாசமா ஆறல.

"ஒரு சுகர் டெஸ்ட் எடுத்துக்கினு வாயேம்பா."

"பாதிப் புடவை தறியில நிக்குது. நான் எழுந்தா, பக்கத்துல கரைக்கு நாடா போடற உங்கம்மாவும் எழுந்துக்கணும். போம்மா துர்கா, போய்ப் படி."

புண்ணு விரலைத் தூக்கிக்கினு குதிகாலால மிதிப்பார். தறி சத்தமே மாறிப்போச்சு. டக்... டக்... கிறீச்.

சுகாதார நிலையத்து நர்ஸ் லில்லி அக்கா, தெரு வாட்ஸ்அப் குரூப்ல நோட்டீஸ் போட்டாங்க. 'அமாவாசை அன்று காலை இலவச சர்க்கரைப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவும்.' அமாவாசைக்குத் தறி லீவு. அதுக்காகவே பார்த்துப் பார்த்து வெச்ச நாள்.

நூத்தி நாப்பது பேர் இருக்கிற குரூப். ஒருத்தர் பதில் போடல. அப்பா மட்டும் போட்டார்: 'அமாவாசையில ரத்தமா? சிவ சிவா.'

அதே குரூப்ல குப்புசாமி மாமா எது போட்டாலும் வேதவாக்கு. 'வெண்டைக்காய் ஊறின தண்ணி, ஏழே நாளில் சுகர் ஓட்டம்!' உடனே எங்கப்பா முதற்கொண்டு நாப்பது பேர் கும்பிடு போடுவாங்க. மாமா இந்தக் கையால வைத்தியம் அனுப்பிக்கினே, அந்தக் கையால கிளாஸுக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஆத்துவார்.

"மாமா, இதெல்லாம் நெசமா?"

"வந்துச்சு, அனுப்பிச்சேன். அனுப்பறதுல என்னம்மா செலவு?"

அப்பவே முடிவு பண்ணிட்டேன். உண்மையைச் சொன்னா வராத தெரு, புரளியைச் சொன்னா வரும்.

எனக்கு எல்லார் குரலும் வரும். ஹெட்மிஸ்ட்ரஸ், பஸ் கண்டக்டர், கரண்டு ரீடிங் எடுக்க வர்ற ஆள், யாரு வேணும் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை சமையல்கட்டுக்குப் போய், பித்தளை அண்டாவுக்குள்ள தலையை விட்டேன். கூடத்துல அப்பா தறியில. உள்ள நான் கொல்லிமலைச் சித்தர்.

"மக்களே... கொல்லிமலைக் குகையிலிருந்து பேசுகிறோம். வரும் அமாவாசையன்று, இடது கை மோதிர விரலில் ஒரே ஒரு சொட்டு ரத்தம் கொடுப்பவன் குலம் தழைக்கும். வெள்ளுடை உடுத்திய பெண் அதை வாங்குவாள். கொடுத்த கையோடு செல்லியம்மாளிடம் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கினால் இரட்டைப் பலன்!"

செல்லியம்மாள் தென்னேரியிலிருந்து பஸ்ஸில கீரை கொண்டாந்து, பாதியை வாடவிட்டு எடுத்துக்கினு போறவங்க. பாவம், போற போக்குல ஒரு விளம்பரம். கொல்லிமலைச் சித்தருக்கு அவங்களை எப்படித் தெரியும்னு கடைசி வரைக்கும் ஒருத்தரும் கேக்கல.

என்கூடப் படிக்கிற சுகாசினியோட புது நம்பர்லேர்ந்து மாமாவுக்கு மட்டும் அனுப்பினேன். ரெண்டே நிமிஷம். எங்க குரூப்ல வந்துடுச்சு. இன்னும் பதினோரு குரூப்ல வந்துடுச்சு. கீழே மாமா கைப்பட ஒரு வரி வேற: 'சாமி உத்தரவு: அன்று காலை டீயும் கூடாது.'

சித்தர் அப்படிச் சொல்லவே இல்ல! டீக்கடைக்காரரே டீ கூடாதுங்கறாரு! அண்டாவைக் கட்டிப் புடிச்சிக்கினு சிரிச்சேன். நீங்க இன்னும் சிரிக்காதீங்க.

அமாவாசை காலைல ஏழு மணிக்குச் சுகாதார நிலையத்து வரிசை கோயில் மதில் வரைக்கும் நின்னுது. எல்லாரும் இடது கையை முன்னால நீட்டிக்கினு. லில்லி அக்கா வலது கையைக் கேட்டா ஒருத்தரும் தரல. ஊசி தீர்ந்துபோய் ரெண்டாவது பெட்டி வந்துச்சு. எட்டு மணிக்கெல்லாம் செல்லியம்மாள் காலிக் கூடையைக் கவுத்துப்போட்டு அது மேல உக்காந்துட்டாங்க.

அப்பாவுக்குச் சுகர் முந்நூத்திப் பன்னெண்டு.

"இன்னும் பதினஞ்சு நாள் விட்டிருந்தா விரலையே எடுத்திருப்பாங்க"ன்னு திட்டிக்கினே லில்லி அக்கா புண்ணைக் கழுவினாங்க. அப்பா, கொல்லிமலை எந்தத் திசைன்னு தெரியாம நாலு பக்கமும் கும்பிட்டார்.

இனிமே தாங்காது. மாமா மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சே ஆகணும்னு கடைக்கு ஓடினேன்.

அமாவாசைன்னா பெஞ்சுல இடம் கிடைக்காத கடை. பாய்லர் சில்லுன்னு கெடக்குது. தட்டு நெறைய போண்டா, தொடுவாரில்ல. மாமா மட்டும் பால் குண்டானை மூடிக்கினு இருந்தார். இடது மோதிர விரல்ல பஞ்சு.

"என்ன மாமா, சாமி உங்க யாவாரத்தையே கவுத்துட்டாரு போல?"

"அத வுடு. உங்கப்பன் கால் என்னாச்சு?"

"தப்பிச்சுது மாமா. மாத்திரை குடுத்துக்கிறாங்க."

"அப்ப சரி." போனை எடுத்து, ஃபுல் சவுண்டுல ஆடியோவைப் போட்டு, என் காதுகிட்ட வெச்சார். "சாமி நல்லாத்தான் பேசறாரு. ஆனா அந்தக் குகைக்குள்ள எவம்மா தறி நெய்யறான்? அதுவும் நொண்டித் தறி?"

சித்தர் குரலுக்குப் பின்னால, தெளிவா: டக்... டக்... கிறீச்.

இப்ப சிரிச்சுக்குங்க. ஏமாந்த ஆள் நான்தான்.

"தெரிஞ்சுமா மாமா... டீயும் கூடாதுன்னு நீங்களே எழுதினீங்க?"

மாமா ஆறிப்போன போண்டா ஒண்ணை என் கையில வெச்சார்.

"அனுப்பறதுல என்னம்மா செலவு?"