நாற்பத்து மூன்று பெயர்கள்

மீன்காரி ஞானசவுந்தரியின் இதய வால்வை மாற்ற, இணையதளம் ஒன்றின் வழியே பணம் அனுப்பியவர்கள் நாற்பத்து மூன்று பேர். ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. நேரில் வந்தால் கைம்மாறாக மீன் கொடுக்கலாம்; அவர்கள் மீன் தின்பார்களோ என்னவோ. செல்போனில் வந்த பட்டியலைக் கணவன் வியாகுலம் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவள் மனப்பாடம் செய்துகொண்டாள். எந்தத் தெருவில் யாருக்கு எந்த மீன் பிடிக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பவளுக்கு அது பெரிய காரியமில்லை. அதில் ஆறு பேர் பெயர் சொல்ல விரும்பாதவர்கள். "பேரில்லாம எப்படி நெனைக்கிறது?" என்று அவளே அவர்களுக்குப் பெயர் வைத்தாள். ஒருவருக்குக் கடலோடு போன தம்பியின் பெயர்.

அறுவை சிகிச்சை மேசையில் மயக்க மருந்து டாக்டர், "ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே இருங்கம்மா" என்றார்.

"எண்ணுறதுக்குப் பதிலா பேரு சொல்லட்டா டாக்டர்?"

"யார் பேரு? சரி, சொல்லுங்க."

"ஹென்ரிக். வஹீதா. கிம். எங்க தம்பி சூசை. மார்ட்டி..."

அதோடு குரல் நின்றது.

மறுநாள் காலை தொண்டைக் குழாயை எடுத்துவிட்டு அதே டாக்டர் குனிந்தார்.

"அம்மா, நான் பேசுறது கேக்குதா?"

உலர்ந்த உதடுகள் மெல்லப் பிரிந்தன.

"...னா" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மூசா."

இன்னும் முப்பத்தேழு பெயர்கள் இருந்தன. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.