நாற்பது நிமிட மடிக்கணினி

"டிஃப்ராக் பண்ணு தம்பி. உள்ள ஃபைலெல்லாம் சிதறிக் கிடக்கும்," என்றார் வாசலில் டாமினோ மேசையிலிருந்த தொந்திக்காரர்.

"இது லினக்ஸ் மாமா. அதுக்கு அதெல்லாம் தேவையில்ல," என்று பத்தாவது முறையாகச் சொன்னான் டெக்னீஷியன் ஒஸ்மானி.

வீட்டுப் பதிவு அலுவலகத்தின் ஒரே மடிக்கணினி அது. காலையில் போட்டால் உயிர் வர நாற்பது நிமிடம். மூன்று வாரமாக சாண்டியாகோ நகரத்திலிருந்து பஸ் ஏறி வந்தும் ஒஸ்மானிக்குக் காரணம் பிடிபடவில்லை. இன்று சரியாகாவிட்டால் இனி வர வேண்டாம் என்று இயக்குநர் எழுதியே அனுப்பிவிட்டார். நேரில் கெஞ்சலாம் என்றால் அவர் அறை பூட்டிக் கிடந்தது. எப்போதும் ஏதோ கூட்டமாம்.

வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு இடத்தை உறுதி செய்துகொண்டு, வாசலில் காபியும் டாமினோவுமாக இருந்தார்கள்.

"அப்போ ஃப்ரிட்ஜ்ல வச்சுப் பாரு," என்றார் தொந்திக்காரர், காயைப் பளாரென்று அடித்து வைத்து. "எங்க வீட்டு டிவி அப்படித்தான் சரியாச்சு."

"நீங்க ஆட்டத்தைப் பாருங்க மாமா."

"விட்டுடு தம்பி. மிஷினுக்கு வயசாச்சு," என்றாள் குமாஸ்தா நெரெய்தா.

ஒஸ்மானி விடவில்லை. கணினி எழும்போது ஓடும் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தான். ஏழாவதில் ஒரே ஒரு வரி: இரண்டாயிரத்து நானூறு நொடி சும்மா இரு. சரியாக நாற்பது நிமிடம்.

"அக்கா, யாரோ வேணும்னே எழுதி வச்சிருக்காங்க."

நெரெய்தா மின்விசிறியைப் பார்த்தாள்.

அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி போட்டான். பன்னிரண்டே நொடியில் திரை பளிச்சென்று வந்தது. வேலை தப்பித்த சந்தோஷத்தில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல் ஆள் வாங்க," என்றாள் நெரெய்தா, மனசே இல்லாமல்.

யாரும் எழுந்திருக்கவில்லை. டாமினோ சத்தம் நின்றது. கல்யாணத்தை நிறுத்த வந்தவனைப் பார்ப்பது போல எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"நான் சரி பண்ணிட்டேன்னு இயக்குநர்கிட்ட சொல்லிடுங்க அக்கா."

"அவரே பார்த்துட்டாரு தம்பி."

தொந்திக்காரர் கையிலிருந்த காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இயக்குநர் அறைச் சாவியை எடுத்தார்.

"காலை ஆட்டத்துக்காக அந்த வரியை எழுதி வச்சதே நான்தான். ஆள் வச்சு சரி பண்ணச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஆறு டெக்னீஷியன்ல தேடித் தேடி உன்னைப் பிடிச்சதே, நீ எதையும் கண்டுபிடிக்க மாட்டேன்னு ஊரே சத்தியம் பண்ணினதாலதான்டா!"