நான்காவது தாள்

பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவள் பன்னிரண்டு வருடமாகப் பத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பிக்கொண்டிருந்தாள். தன் கையாலேயே விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி உள்ளே வைக்கும் உறையிலேயே எல்லாம் சுவரில் அடித்த பந்து போலத் திரும்பி வந்துவிடும். இந்த முறை மனசைக் கல்லாக்கிக்கொண்டு அந்த உறையை வைக்கவில்லை. மூன்று கவிதைகளை அனுப்பினாள். தன் விலாசத்தை எங்கேயும் எழுதவில்லை. இவையும் பிரசுரமாகாவிட்டால் இனிப் பேனாவைத் தொடுவதில்லை என்றிருந்தாள்.

எட்டாம் நாள் மாலை வீடு திரும்பியபோது ஓர் உறை வந்து கிடந்தது. உறைமேல் அவள் கையெழுத்து.

"நீயே வச்சுட்டு மறந்திருப்பே," என்றான் கணவன். "விடும்மா, அவனுங்களுக்கு என்ன தெரியும்?"

"வைக்கலைங்க. சத்தியமா வைக்கலை."

உள்ளே நான்கு தாள்கள் இருந்தன. நான்காவதிலும் அவள் கையெழுத்துதான். முதல் வரி, அன்று காலை பாத்திரம் தேய்க்கும்போது அவள் மனசில் வந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. அதன்கீழ் இன்னும் பதினொரு வரிகள் இருந்தன. இவ்வளவு நல்ல கவிதையை அவள் எழுதியதே இல்லை.

அதன்மேலும் எப்போதும் வரும் அதே அச்சடித்த சீட்டு: 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.' குத்தியிருந்த குண்டூசி துருவேறி, அதன் கறை தாளில் பழுப்பாக ஊறியிருந்தது.