அளவு பிழைத்த கத்தி

பட்டறை மில்லிங் மெசினில் பிளவு வெட்டிய பித்தளைத் துண்டை ஜெறோம் கத்தியின் பிடிப்பக்க அடியில் செருகி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. துண்டை மூலையில் எறிந்துவிட்டு இன்னொன்றை மெசினில் பூட்டினான்.

"ஒரு தடுப்புக்கு இவ்வளவு கூத்தோ?" என்றாள் யோசப்பின். குருநகர்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவள்.

"இடைவெளி இருந்தால் உள்ளுக்கை இரத்தம் போய்க் கறள் கட்டி இரும்பை அரிக்கும், அக்கா. நான் வெட்டினால் வெளிச்சமும் போகாது."

கை வழுக்கிக் கத்தியின் வாய்க்குப் போகாமல் மறிப்பதற்குத்தான் தடுப்பு. பிடியின் நீளத்தை அறிய அவளுடைய கையை அளக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டு, முறித்த ஈர்க்குத் துண்டொன்றை நீட்டினாள்.

"இந்த அளவுக்கு."

"உங்கடை கை இதுக்குள்ளை நிக்காது. சின்னவிரல் வெளியிலை போகும்."

"சொன்னதைச் செய்."

சந்தையில் பார்க்கிறவர்கள் தன் வேலையைத்தான் பழிப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை. பிடியைக் குறுக்கி, தடுப்பைத் தட்டி இறுக்கினான். இந்தமுறை வெளிச்சம் போகவில்லை.

மறுநாள் ஜெறோம் மீன் வாங்கச் சந்தைக்குப் போனபோது யோசப்பினின் குரல் தூரத்திலேயே கேட்டது. மீன் வெட்டும் பக்கத்துக் குற்றிக்குப் புதிதாக வந்த ஜெசிதாவை ஏசிக்கொண்டிருந்தாள். ஜெசிதாவின் பழைய கத்திக்குத் தடுப்பில்லை. பிடியில் துணி சுற்றியிருந்தாள். இரண்டு தரம் கையை வெட்டிக்கொண்டவள். இன்னொருமுறை மீனில் இரத்தம் பட்டால் இடத்தை விடவேண்டும் என்று சந்தைக் குத்தகைக்காரர் சொல்லிவிட்டார். கோள் சொன்னது யோசப்பின்தான் என்று சந்தையில் கதை. ஜெசிதாவோ யாரிடமும் எதையும் சும்மா வாங்கமாட்டாள்.

ஜெறோமைக் கண்டதும் யோசப்பின் புதுக்கத்தியைத் தூக்கிக் காட்டினாள். சின்னவிரல் வெளியே நின்றது.

"பாருங்கோ, உவன் அளவைப் பிழைக்க வெட்டிப்போட்டான். இனி இது எனக்குக் குப்பை. பிள்ளை, உன்ரையைத் தந்திட்டு இதைப் பிடி."

ஜெசிதா வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். நாலு விரலும் தடுப்புக்குப் பின்னால் கச்சிதமாக அடங்கின. ஈர்க்குத் துண்டின் அதே அளவு.

அவள் சந்தேகத்தோடு ஜெறோமைப் பார்த்தாள். "மெய்யோ அண்ணை?"

மீனுக்கு நின்றவர்களும் அவனைப் பார்த்தார்கள்.

"ஓம் தங்கச்சி. அளவு பிழைச்சுப் போச்சு."

"இதுக்கொரு மில்லிங் மெசின்" என்று யாரோ சிரித்தார்கள்.

யோசப்பின் பழைய கத்தியில் அவிழ்ந்திருந்த துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, அடுத்த மீனை இழுத்தாள்.